முதல் வாய்

அவர் சாப்பிட்டுக் கால்மணி நேரமாவது போகாமல் அந்த வீட்டில் வேறு யாரும் சோற்றில் கை வைக்க முடியாது. யார் சமைத்திருந்தாலும் அதுதான் சட்டம். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியில் தனக்கென்று ஒரு கரண்டி எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையில் போடுவார். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஒரு வாய் வைப்பார். உடனே மெல்ல மாட்டார். நாக்கில் வைத்தபடி நிற்பார். விழுங்கிய பிறகு யன்னலடிக்குப் போய், பாரிஸின் லா சப்பல் பாலத்தின் மேலே மெத்ரோ ரயில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் வெறுங்கோப்பையோடு குந்தியிருப்போம். "சரி, இனிச் சாப்பிடுங்கோ" என்று அவர் திரும்பிச் சொல்லும்போது கறி ஆறிப்போயிருக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து என் கணவரிடம் வந்து சேர்ந்த புதிது. இரண்டு அறை வீடு. உள்ளறையில் நானும் இவரும். முன்னறையில் அவரும் ரவி என்ற இளைஞனும். ஆண்கள் மூவருக்கும் ரெஸ்ரோரண்டுகளில் கோப்பை கழுவும் வேலை. வீட்டைத் தேடிப் பிடித்தவர் அவர்தான். வயதிலும் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். மன்னார்ப் பக்கம். நாங்கள் அண்ணை என்றே கூப்பிட்டோம். கோப்பை கழுவப் போகும்போதும் சட்டையை அயர்ன் பண்ணித்தான் போடுவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அந்தத் தாழ்ந்த குரலுக்குத்தான் எங்களுக்குப் பயம்.

ஆரம்பத்தில் அவரை ஒரு சாப்பாட்டு இராமன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் எடுப்பது ஒரே ஒரு கரண்டி. பிறகு எல்லோரும் சாப்பிடும்போது அரைவயிற்றோடு எழுந்துவிடுவார். ஆசைக்குச் சாப்பிடுகிற ஆளும் இல்லை. அப்படியென்றால் இது என்ன பழக்கம் என்று ரவி ஒருநாள் கேட்டுவிட்டான். சின்ன வயதில் தன்னுடைய தமையன் நஞ்சுள்ள பேத்தை மீன் சாப்பிட்டுச் செத்துப்போனான் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார். அதையே இவர் கேட்டபோது, ஜேர்மனிக்குள் லொறியில் ஒளிந்து வந்த நாட்களில் தகரத்தில் அடைத்த பழுதான இறைச்சி தின்று கூட வந்தவர்கள் பட்ட பாட்டைச் சொன்னார். இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆள் கதை விடுகிறார் என்று முடிவு கட்டினார்கள். என்னிடம் மட்டும், "பழக்கமாப் போச்சுது தங்கச்சி" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பாரிஸுக்கு வெளியே ஓல்னேயில் ரவியின் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். மண்டபத்துக்குப் பின்னால் கிடாரங்களில் சாப்பாடு இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் உட்காரவில்லை. அண்ணை நேராகப் பின்னுக்குப் போய் ஒவ்வொரு கறியிலும் கொஞ்சம் எடுத்து நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் மாமன் கண்டுவிட்டார். இந்த ஆள் வாழ்க்கையில் சோறு காணாதவரோ என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அண்ணை வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, நண்டுக்கறியை வைக்க வேண்டாம், அதன் வாடை சரியில்லை என்றார். மாமன் அவருடைய கோப்பையைத் தட்டிவிட்டார். சட்டையெல்லாம் குழம்பு. ரவி வெட்கத்தில் வெளியே போய்விட்டான். நண்டுக்கறி பந்திக்கு வந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிகத் திறமான நண்டு என்று மாமன் மாதக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார். திரும்பி வருகிற ரயிலில் அண்ணை குழம்பு காய்ந்த சட்டையோடு இருந்தார். அவருடைய முகத்தில் வெட்கம் இல்லை. ஏதோ தப்பிவிட்டோம் என்ற களைப்புத்தான் இருந்தது. அந்த முகம் என்னை உறுத்தியது.

அடுத்த ஆண்டு கோடையில் எனக்கு ஐந்தாம் மாதம். சிறுநீரில் சீனி இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். வெள்ளைப் பாணும் சோறும் குறைக்க வேண்டும். சேகிள் பாண் சாப்பிடலாம் என்றார்கள். சேகிள் என்பது குளிர் நாட்டுத் தானியம். கோதுமைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. மா மட்டும் கறுத்தது. பாண்கடையில் வாங்கி வந்தால் அந்தப் பாண் செங்கல்லாகக் கனத்தது. புளிப்பு. ஒரு துண்டு தின்று இரண்டு நாள் சத்தி எடுத்தேன். குரக்கன், அதாவது கேழ்வரகுப் புட்டு இருந்தால் சாப்பிடலாம் என்று அழுதேன். அப்போது குரக்கன் மா பாரிஸுக்கு ஒழுங்காக வருவதில்லை. வந்தாலும் வண்டு பிடித்திருக்கும்.

ஆகஸ்டில் அண்ணை வேலை செய்த ரெஸ்ரோரண்டைக் கோடை விடுமுறைக்குப் பூட்டினார்கள். கூட வேலை செய்த போர்த்துக்கல்காரருடைய மாமனாருக்கு மலைப்பக்கத்தில் பண்ணை இருந்தது. அறுவடை வேலைக்கு அவரோடு அண்ணையும் போனார். திரும்பி வந்தபோது தோளில் அரைச் சாக்கு. படியேறி வந்த மூச்சு அடங்குமுன்னே கட்டை அவிழ்த்து என் முன்னால் பிடித்தார்.

"தங்கச்சி, இது இஞ்சத்தைக் குரக்கன். உமக்கெண்டுதான் கேட்டு வாங்கினனான்."

சேகிள் மணிகள். நீளமாக, பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். அந்த வருடம் அங்கே மழை விடவேயில்லையாம். மில்லுக்கு அனுப்பாமல் மாடுகளுக்கென்று ஒதுக்கிய குவியலிலிருந்து பண்ணைக்காரர் அள்ளிக் கொடுத்திருக்கிறார். அலுமினியத் தட்டில் கொட்டிப் புடைத்தோம். இடையிடையே கறுப்பாக, மணியைவிட நீளமாக, வளைந்த துண்டுகள் கிடந்தன. எலிப்புழுக்கை என்று நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் ஒன்றை எடுத்து முகர்ந்து, நகத்தால் உடைத்துப் பார்த்தார். எலியின் எச்சம் இல்லை, மழையில் கருகிய மணியாக இருக்கும் என்றார். பெரியவற்றைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டார். உடைந்து தூளாகிக் கலந்திருந்ததை யாரால் பொறுக்க முடியும்? கோப்பி அரைக்கிற மெஷினில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரைத்து, மாவை வறுத்தார். பார்பெஸ் கடையில் வாங்கிய, ஆவியில் வேகவைக்கிற குஸ்குஸ் சட்டியில் புட்டு அவித்தார். வீடு முழுக்க வறுத்த மாவின் வாசம். எனக்கு வாய் ஊறியது. குரக்கனின் வாசம் இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்து வீட்டு வாசம்.

அவர் வழக்கம்போல ஒரு வாய் வைத்தார். யன்னலடிக்குப் போனார். கால்மணி போனது, அரைமணி போனது. நான் கோப்பையோடு நின்றேன்.

இது கால்மணிக் கணக்கில் பார்க்கிற சாப்பாடு இல்லை என்றார். கண்டறியாத தானியம். வயிற்றில் பிள்ளை இருக்கிறது. தான் ஒரு கிழமைக்கு மேல் தின்று பார்த்த பிறகுதான் எனக்கு. நான் சிரித்தேன், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் மிச்ச மாவைப் பையில் போட்டு, கட்டிலுக்குக் கீழே இருந்த தன்னுடைய சூட்கேசுக்குள் வைத்துப் பூட்டினார். சாக்கையும் கறுப்பு மணிக் கிண்ணத்தையும் அலுமாரிக்கு மேலே ஏற்றினார்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அந்த வீட்டில் ஒரு யுத்தம். அவர் மாவை எடுத்து, புட்டோ ரொட்டியோ செய்து, தனியே தின்பார். நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். கதவு இடுக்கால் வாசம் வரும். எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. எனக்கென்று கொண்டு வந்ததாகச் சொல்லிவிட்டு என் கண் முன்னாலேயே தின்று தீர்க்கிறாரே. இவர் இரண்டு தரம் போய்க் கேட்டார். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ஆசை காட்டிவிட்டு ஏமாற்றுவது பாவம் என்று கடைசியில் சத்தமே போட்டார். அண்ணை நிமிராமல், "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கோ" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இவர் அதற்குப் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்தினார். இரண்டு அறை வீட்டில், நாலு பேர், ஒருவரை ஒருவர் தாண்டிப் போகக்கூட முகத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

அவரிலும் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. வெயில் நாளில் இரண்டு காலுறை போட்டார். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தார். கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. தோலுக்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று ரவியிடம் சொல்லியிருக்கிறார். குளிர்தண்ணீரில் கோப்பை கழுவிய கை அப்படித்தான் இருக்கும் என்று ரவி சொல்லிவிட்டான். முகம் வெளுத்தது. சத்தி எடுக்கிற சத்தத்தை மறைக்கக் குழாயைத் திறந்துவிடுவார். வேலை தேடி அலைகிற களைப்பு என்று நாங்கள் நினைத்தோம். ரெஸ்ரோரண்ட் திறந்தும் அவரை மறுபடி எடுக்கவில்லை. அவருடைய அகதி விண்ணப்பத்தையும் நிராகரித்திருந்தார்கள். மேன்முறையீடு போட்டுவிட்டு இருந்தார். போலிஸைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போயிருந்தார். இவர் மேசைக்கத்தியால் சூட்கேசின் பூட்டைத் திறந்து மாவை எடுத்துத் தந்தார். நான் வாங்கி, உப்புப் போட்டுப் பிசைந்து, ரொட்டி தட்டினேன். முதல் ரொட்டி கல்லிலிருந்து இறங்கியது. பிய்த்தேன். சூடு தாங்காமல் ஊதினேன்.

கதவு திறந்தது. பூசை முடிய இன்னும் நேரம் இருந்தது. கால் இழுத்து நடக்க முடியாமல் பாதியில் திரும்பியிருக்கிறார். வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்று என் கையைப் பார்த்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் கண்டதில்லை. என் கையில் ஓங்கி அடித்தார். ரொட்டித் துண்டு அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது. இவர் பாய்ந்து அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்தார். எத்தனையோ மாதம் ஒன்றாகச் சாப்பிட்ட இரண்டு ஆண்கள், ஒருவர் மூச்சு ஒருவர் முகத்தில் பட நின்றார்கள். ரவி நடுவில் புகுந்தான்.

"வாயிலை வைச்சியா?" என்று அவர் என்னைத்தான் கேட்டார். "சொல்லு. வைச்சியா?"

என்னை அவர் ஒருமையில் பேசியது அன்றுதான். நான் பதில் சொல்லுமுன் அவருடைய கண் மேலே செருகியது. இவருடைய கைப்பிடியிலேயே தொங்கி, தரையில் விழுந்தார். கைகால் இழுத்து வெட்டத் தொடங்கியது.

வலிப்பு நின்றதும் இவரும் ரவியும் தூக்கினார்கள். அரை நினைவிலும் அவர் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஆசுப்பத்திரி வேண்டாம். அங்கை பேர் கேப்பாங்கள்" என்றார். சற்றுமுன் அவர் கழுத்தைப் பிடித்த அதே கையால் இவர் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். விரல்கள் ஐஸாகக் குளிர்ந்து கிடந்தன என்று பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த இளம் டொக்டர், போதைமருந்து எடுத்தவரா என்று கேட்டார். ரவிக்குத்தான் எங்களில் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அண்ணை கட்டிலில் கிடந்து யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். கண்கள் என் தலைக்கு மேலே எதிலோ நின்றன.

"துப்பு பிள்ளை. துப்பு. அப்பா சொல்லுறன், துப்பு."

அவருக்குப் பிள்ளை இருக்கிறது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

பிறகு நரைத்த தலையோடு ஒரு பெண் டொக்டர் வந்தார். காலுறையைக் கழற்றிப் பார்த்தார். இடது காலின் விரல்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னேன்: சேகிள். எந்தக் கடையில் என்றார். கடை இல்லை, பண்ணை என்றான் ரவி. டொக்டரின் முகம் மாறியது. அரைத்த மாவையும் மணியையும் உடனே கொண்டுவரச் சொன்னார். ரவி ஓடிப்போய்ச் சாக்கையும் கிண்ணத்தையும் தூக்கி வந்தான். கிண்ணத்திலிருந்த கறுப்புத் துண்டுகளை உள்ளங்கையில் கொட்டியதும் அவருக்குப் போதுமாக இருந்தது. எர்கோ என்றார். சேவலின் கால்முள்ளுக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர்தான். தன் சுட்டுவிரலைக் கொக்கியாக வளைத்துக் காட்டினார். மழை பெய்த வருடத்தில் சேகிள் கதிரில் மணி இருக்க வேண்டிய இடத்தில் இந்தப் பூஞ்சணம் வளருமாம். தின்றால் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். மூளையைக் குழப்பும்.

சொல்லிக்கொண்டே வந்தவர் என் வயிற்றைக் கண்டு நிறுத்தினார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். இது கர்ப்பப்பையையும் சுருக்குமாம்.

இல்லை என்றேன். மறுபடி கேட்டார். பிசையும்போது உப்புப் பார்க்க நாக்கில் வைத்தேனா? எப்போதும் வைப்பேன், அது கையின் பழக்கம். அன்று வைத்தேனா இல்லையா என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இவர் என் பக்கத்தில் நின்று தன்னுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றில் மெஷின் பூட்டினார்கள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. அது குதிரை ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டேயிருந்தது. கொஞ்சம் மெதுவாகிறதென்று தோன்றும்போதெல்லாம் நான் மூச்சை நிறுத்தினேன். அடுத்த நாள் மத்தியானம் பயப்பட ஒன்றும் இல்லையென்று வீட்டுக்கு விட்டார்கள். மார்கழியில் மகள் பிறந்தாள், ஒரு குறையும் இல்லாமல்.

அவருக்கு நினைவு தெளிந்ததும் முதலில் கேட்டது என்னைப் பற்றி. இரண்டாவது, பண்ணைக்காரருக்குச் சொல்லியாயிற்றா என்று. போர்த்துக்கல்காரர் மூலம் ரெலிபோன் போனது. அங்கே அந்த மாதம் இரண்டு பசுக்கள் மாதம் நிறையாமல் செத்த கன்று போட்டுவிட்டனவாம். காரணம் தெரியாமல் மனிதர் மாட்டு டொக்டரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மிச்சக் குவியல் முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. போலிஸ் வரும் என்று ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருவரும் வரவில்லை. நான் சூப் கொண்டுபோன ஒரு பின்னேரம், அந்தப் பிள்ளை யார் என்று கேட்டேன். சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

தமையன் என்று ரவிக்குச் சொன்னது உண்மையில் அவருடைய மகள். ஏழு வயது. பேத்தை மீனைப் பக்குவமாக வெட்டத் தனக்குத் தெரியும் என்று அவருக்கு ஒரு பெருமை. மனைவி வேண்டாம் என்று தடுத்தும் வெட்டிக் காய்ச்சியிருக்கிறார்.

"அவளுக்குப் பசி தங்கச்சி. முதல் அவளுக்குத்தான் போட்டன்."

வேறு யாரும் கை வைக்குமுன் பிள்ளையின் உதடு விறைக்கத் தொடங்கியிருக்கிறது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து மனைவி அவரோடு ஒரு சொல் பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு வருடம். பிறகு அவர் நாட்டை விட்டுக் கிளம்பினார். அதைச் சொல்லி முடித்து, சூப்பைக் கையில் எடுத்து, அது ஆறும்வரை வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஒருநாளும் முதலில் சாப்பிடவில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, மிஞ்சியதைத் தனியே இருந்து சாப்பிடுவார். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை. இவர் மட்டும் ஒவ்வொரு நாளும் அவர் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

மேன்முறையீட்டில் அவருக்கு வதிவிடக் கார்த் கிடைத்தபோது என் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஊரில் சண்டை மோசமாகியிருந்தது. மன்னாரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், அண்ணையின் மனைவி வரச் சம்மதித்துவிட்டார் என்று சொன்னார். அவருக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. சம்மதித்தது தன்னிடம் வருவதற்கா, செல்லடியிலிருந்து தப்புவதற்கா என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பாரிஸ் புறநகர் ஸ்தேனில் ஒரு சின்ன அறை எடுத்தார். கட்டில் இரண்டு வாங்கினார்; ஒன்றை ஒரு சுவரோடும் மற்றதை எதிர்ச்சுவரோடும் போட்டார்.

விமான நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். தனியே போகப் பயம் என்று அவர் சொல்லவில்லை, நானே புறப்பட்டேன். ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். அவர் முன்னுக்கு நிற்காமல் தூணுக்குப் பின்னால், தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். மெலிந்த, உயரமான பெண் ஒருத்தி, தோளில் ஒற்றைப் பையோடு வந்து சுற்றிப் பார்த்தாள். படம் பார்த்ததில்லை, ஆனாலும் அவள்தான் என்று எனக்குத் தெரிந்தது. அவருடைய மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கூப்பிடவில்லை.

அவளே கண்டாள். நேராக வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, தடியைப் பார்த்தாள், பிறகு காலை.

"காலுக்கு என்ன?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையால் என்னை நிறுத்தினாள். பையைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை சனத்துக்கு நடுவில் குந்தி இருந்து, அவருடைய சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தாள். காலுறையைக் கழற்றினாள். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். விரல் இல்லாத இடத்தை அவள் உள்ளங்கையால் பொத்திப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பிறகு காலுறையை மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு எழும்பினாள்.

"நடக்க ஏலுமே?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றார் அவர்.